எவரெட்டின் செவத்தி

தொலைபேசியை வைத்த பிறகும் ஹோலிஸ் டக்கெட் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு?" என்றாள் நடின், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

"லூயெட்டா."

"பாவம். என்ன வேணுமாம்?"

"செவத்தி வேணுமாம். வீட்டுல தேடிக் காணோமாம், என்கிட்ட இருக்கான்னு கேட்டாங்க. நாளைக்குச் சவப்பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி புருஷன் எவரெட்டோட கோட்டுல குத்தணுமாம்."

நடின் திரும்பினாள். முட்டை புரட்டும் கரண்டி அந்தரத்தில் நின்றது. "நீ என்ன சொன்னே?"

"பத்திரமா என்கிட்டதான் இருக்கு மிஸ் லூயெட்டா, காலையில கொண்டாந்துடுறேன்னு சொன்னேன்."

"இருக்கா?"

"இல்ல."

நடின் அடுப்பை அணைத்தாள். முப்பத்தெட்டு வருட இல்வாழ்க்கையில் எந்தப் பதிலுக்கு அடுப்பை அணைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

செவத்தி என்பது மீனை ஏமாற்றத் தூண்டிலில் மாட்டும், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பொய்ப்பூச்சி. தூண்டில் கொக்கியைச் சுற்றி மான் முடியை இறுக்கிக் கட்டி, சவரக் கத்தியால் தவளை மாதிரி செதுக்கி, பக்கத்துக்கு இரண்டாக வெள்ளை ரப்பர் கால்கள் வைத்து, பின்னால் செக்கச் செவேலென்று ஒரு கொத்து வால் விட்டிருந்தார் எவரெட் பிரிஸ்கோ. நாற்பது வருடங்களுக்கு முன்னால் டேட்டம் குளத்தில் அதை வீசி ஒன்பது ராத்தல் பாஸ் மீன் ஒன்றைப் பிடித்தார். வாயில் செவத்தியோடு மீனும், வாயெல்லாம் பல்லாக எவரெட்டும் நிற்கும் படம் மாவட்டப் பத்திரிகையில் வந்தது. தென் அர்கான்சாவின் கேல்வுட் ஊரில் அதற்குப் பிறகு பத்திரிகையில் போடும்படி எதுவும் நடக்கவில்லை.

அந்த மீனைப் பிடித்த கையோடு எவரெட் ஆரம்பித்ததுதான் 'புழு தொடாதார் சங்கம்'. தலைவர் எவரெட், துணைத்தலைவர் ஹோலிஸ், செயலாளர் லீலண்ட், ஆக மொத்தம் பதினோரு பேர். செவ்வாய்க்கிழமை தோறும் மெதடிஸ்ட் கோயிலின் நிலவறையில் கூடி, மூக்குக் கண்ணாடிமேல் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இறகையும் முடியையும் நூலையும் கொக்கியில் கட்டுவார்கள். சங்கத்துக்கு ஒரே சட்டம். மண்புழு, வெட்டுக்கிளி, குட்டிமீன் என்று உயிருள்ள எதையும் கொக்கியில் மாட்டியவன் அன்றோடு வெளியே.

ஒரு வழக்கமும் உண்டு. தன் சிறந்த பூச்சி எதால் கட்டப்பட்டது என்பதை யாரும் உயிரோடு இருக்கும்வரை சொல்ல மாட்டார்கள். ஓர் அட்டையில் எழுதி, உறையில் ஒட்டி, சங்கத்தின் தகரப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். ஆள் போனதும் அந்தப் பூச்சியை அவர் கோட்டின் இடது மார்பில் குத்தி, பாதிரியார் ஜெபம் முடித்த பின் அட்டையைப் பிரித்து, கொக்கி இது, நூல் இது, வால் இது என்று சபைமுன் வாசிப்பார்கள். கோயிலில் வேதம் வாசிக்கும்போது தூங்குகிறவர்கள்கூட இதற்கு விழித்திருப்பார்கள்.

போன வருடம் வசந்த காலத்தில் எவரெட் ஹோலிஸைத் தனியாக அழைத்து, ஒரு புகையிலை டப்பாவுக்குள் பஞ்சில் படுத்திருந்த செவத்தியைக் காட்டினார்.

"எடுத்துட்டுப் போ. ஒரு சீசன் வச்சுக்கோ."

"எவரெட்! நானா?"

"வேற யாருக்கும் கொடுத்ததில்ல. உனக்கு மட்டும்தான். யார்கிட்டயும் மூச்சு விடாத."

பள்ளிப் பேருந்தை முப்பத்தொரு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஹோலிஸ். அதற்குக் கொடுத்த கைக்கடிகாரத்தை வாங்கியபோது வராத கண்ணீர் அன்று வந்தது. மறுநாள் டேட்டம் குளத்தில் மூன்றாவது வீச்சிலேயே செவத்தி பறந்துபோய், தண்ணீருக்கு மேல் நீண்டிருந்த சைப்ரஸ் கிளையில் மாட்டிக்கொண்டது. இழுத்தார். நூல் அறுந்தது. கல் எறிந்தார். பீச் பழம் பறிக்கும் தொரட்டியை இரவல் வாங்கி வந்தார். இடுப்பளவு தண்ணீரில் விழுந்து எழுந்தார். செவத்தி மட்டும் மேலே காற்றாட வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அன்று மாலை அடித்த புயலில் கிளையே காணாமல் போனது.

அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் எவரெட் கேட்பார். "செவத்தி சௌக்கியமா?"

"சௌக்கியம்."

"அவசரமில்ல. வச்சுக்கோ."

இப்படியே ஒன்றரை வருடம் சௌக்கியம் விசாரித்துவிட்டு, இந்தப் புதன்கிழமை பிற்பகல், மேசை இடுக்கியில் பாதி கட்டிய பூச்சியும் விரலிடுக்கில் மஞ்சள் இறகுமாக எவரெட் நாற்காலியிலேயே போய்விட்டார்.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்றாள் நடின்.

"கட்டப் போறேன்."

சாப்பாட்டு மேசையில் இடுக்கியைப் பொருத்தினார். பத்திரிகைப் படத்தைச் சர்க்கரைக் குப்பியில் சாய்த்து வைத்தார். பச்சை, மஞ்சள், மறுபடி பச்சை என்று மான் முடியைச் சுற்றி இறுக்கிச் செதுக்கினார். வாலுக்கு, செந்நிற அணில் வாலில் சிவப்பாக இருந்த பகுதியைப் பொறுக்கி வைத்தார். காலை பத்து மணிக்கெல்லாம் செவத்தி தயார். அவர் கட்டிய பூச்சிகளிலேயே அழகானது அதுதான். திருட்டு வேலைக்கு இவ்வளவு கைத்திறன் வருகிறதே என்று அவருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

தொலைபேசி மணி அடித்தது.

"ஹோலிஸ், இன்னொரு விஷயம்," என்றார் லூயெட்டா. குரல் கரகரத்திருந்தது. "அட்டையில எப்படியும் படிக்கத்தான் போறீங்க. அதனால சொல்றேன். செவத்தியோட வால் என் தலைமுடி."

ஹோலிஸ் உட்கார்ந்தார்.

"கல்யாணமான ரெண்டாம் வருஷம். அப்பெல்லாம் எனக்கு இடுப்பு வரைக்கும் இருக்கும், செக்கச் செவேல்னு. ஒரு கொத்து கொடுன்னான். மீன் வாய்க்கா என் முடின்னு ஒரு வாரம் நான் பேசல. அப்புறம் நானே வெட்டிக் கொடுத்தேன். இப்ப என் தலையைத்தான் நீ பாக்குறியே, இலவம் பஞ்சு. அந்த ஒரு கொத்துதான் மிச்சம். அது அவன் நெஞ்சு மேல போகட்டும். ஆனா போறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கறேன்பா."

"தொட்டா?"

"தொட்டுத்தான்."

ஹோலிஸ் பூதக்கண்ணாடியை எடுத்துப் புதிய செவத்தியின் வாலைப் பார்த்தார். ஒவ்வொரு முடியிலும் கறுப்பு வளையம் வளையமாகத் தெரிந்தது. கண் தெரியாதவர்கள்கூட அணில் என்று சொல்லிவிடுவார்கள்.

"உண்மையைச் சொல்லிடு," என்றாள் நடின்.

"புருஷன் பெட்டியில கிடக்கிறான். அவங்க முடியில மிச்சமிருந்தது அந்த ஒரு கொத்து. அதை நான் மரத்துல விட்டுட்டேன்னு எந்த வாயால சொல்றது, நடின்?"

நடினின் தலையும் நரைத்துத்தான் இருந்தது. கணவர் தன் தலையை ஒரு கணம் உற்றுப் பார்த்ததைக் கவனித்து, "வேணாம்," என்று மட்டும் சொன்னாள்.

அழகு நிலையத்தில் கூட்டிய முடி இருக்குமே என்ற யோசனை ஹோலிஸுக்கு வந்தது. வந்திருக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை. நாளைய அடக்கத்துக்காகத் தலை சிங்காரித்துக்கொள்ள ஆறு பெண்கள் உலர்த்தி யந்திரங்களுக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருந்தார்கள். தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே போனார்.

"கூட்டித் தள்ளின முடி ஏதாவது இருக்கா? சிவப்பா இருந்தா தேவலை."

ஒவ்வொரு யந்திரமாக நின்றது.

"எதுக்குங்க?" என்றாள் கடைக்காரி.

பெட்டியில் கிடக்கும் நண்பனையும் லூயெட்டாவையும் நினைத்தால் உண்மையைச் சொல்ல முடியாது. பொய்யும் சட்டென்று வரவில்லை. "சும்மா... சேகரிக்கிறேன்," என்றார்.

தரையில் வெள்ளை முடிதான் இருந்தது. நீலம் பூசிய வெள்ளையும் கொஞ்சம். நான்கு மைல் ஓட்டி வீடு சேர்வதற்குள் நடினுக்கு மூன்று அழைப்புகள் வந்திருந்தன.

"ஊர்ப் பொம்பளைங்க முடியையெல்லாம் சேகரிக்கிறியாமே?"

"நடின்..."

"வெள்ளை வேணாம், சிவப்பாத்தான் வேணும்னு கேட்டியாம். கண்ணு, சாவு வீட்டுல நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கிறது?"

மூஞ்சி போனாலும் முடி வேண்டுமே. நெடுஞ்சாலை ஓரத்தில் ஓப்பல் என்பவள் வைத்திருந்த தூண்டில் புழுக்கடை ஹோலிஸின் நினைவுக்கு வந்தது. குறிப்பாக, அந்தக் கடை வாசலில் நாளெல்லாம் தூங்கும் சிம்சோன். அது செட்டர் சாதி நாய். நெருப்பு நிறம், வாலில் பட்டு மாதிரி முடி. முடியில்தான் பலமிருந்த வேதாகம வீரனின் பெயருள்ள பிராணியிடம் கத்தரிக்கோலோடு போவதில் உள்ள பாவம் ஹோலிஸுக்கு உறைக்காமல் இல்லை. ஆனால் அன்றைக்குப் பாவக் கணக்கு ஏற்கெனவே நீண்டிருந்தது.

சங்கத்தார் யாரும் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை. எதிரே பெட்ரோல் போடுவதென்றால்கூட முதுகைக் காட்டிக்கொண்டுதான் போடுவார்கள். ஹோலிஸ் வண்டியைப் பின்பக்கம் நிறுத்தி, குனிந்து வந்து, நாயின் பக்கத்தில் மண்டியிட்டார். நூல் வெட்டும் சிறு கத்தரிக்கோலை எடுத்து ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார்.

சத்தம் கேட்டதும் சிம்சோன் கண்ணைத் திறக்காமலே வாலை வாகாகத் தூக்கிக் காட்டியது.

இவ்வளவு சாதுவான ஜீவனிடமா திருடுகிறோம் என்று அதன் தலையை ஹோலிஸ் ஒருமுறை தடவிக் கொடுத்தார். ஒரு கொத்து வெட்டினார். போதாதோ என்று இன்னொரு கொத்து. இப்போது வாலின் நடுவில் முன்பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி.

"யாருங்க அது?" உள்ளேயிருந்து ஓப்பல் வந்துவிட்டாள்.

முடியைச் சட்டைப் பைக்குள் திணித்தார். "நான்தான் ஓப்பல். புழு... புழு வாங்க வந்தேன்."

ஓப்பல் அவரைப் பார்த்தாள், சட்டைப் பையைப் பார்த்தாள், நாயின் வாலைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"ஒரு டஜனா, ரெண்டு டஜனா?"

"ஒரு டஜன்."

டப்பாவும் கையுமாகத் திரும்பினார். எதிரே பெட்ரோல் பம்பில் லீலண்ட் நின்றுகொண்டிருந்தார். சங்கச் செயலாளர் மட்டுமா, கோயில் மூப்பரும் அவர்தான். லீலண்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, சாலையைக் கடந்து வந்தார்.

"பிரதர் ஹோலிஸ்."

"பிரதர் லீலண்ட்."

"கையில என்ன?"

"காபி."

"மூடியெல்லாம் ஓட்டையா இருக்கே."

"சூடு ஆறட்டும்னு."

ஓர் ஓட்டை வழியாகக் காபி தலையை நீட்டி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு உள்ளே போனது.

லீலண்டின் குரல் உடைந்தது. "தலைவரை இன்னும் மண்ணுக்குக் கொடுக்கல, ஹோலிஸ். அதுக்குள்ளயா?"

"நீங்க நினைக்கிற மாதிரி இல்ல."

"காலையிலதான் என் சம்சாரம் அழகு நிலையத்துல இருந்து போன் பண்ணா. நான் நம்பல. துக்கம் மனுஷனை என்னென்னவோ பண்ணும், ஒத்துக்கறேன். ஆனா புழுவை என்னால ஒத்துக்க முடியாது." அவர் மூச்சை இழுத்து விட்டார். "நாளைக்கு அட்டையை நீங்களே படிங்க. நான் படிச்சா முதல் வரியிலேயே அழுதுடுவேன். செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடும். அப்ப விளக்கம் சொல்லணும்."

மத்தியானம் முழுக்க ஹோலிஸ் நாய் முடியோடு மல்லுக்கட்டினார். நிறம் அச்சு அசல். நாற்றம்தான் போகவில்லை. நடின் தன் லாவண்டர் சோப்பை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். மூன்று முறை அலசி, காய வைத்து, சீவி, கட்டினார்.

நடின் கட்டியதைத் தூக்கிப் பார்த்தாள். "முடிதான். தூரத்துல இருந்து பாத்தா."

"தொட்டா?"

நடின் பூச்சியைக் கீழே வைத்துவிட்டுப் புழு டப்பாவைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள்.

சனிக்கிழமை காலை அடக்க நிலையத்தில், ஹோலிஸுக்கு எவரெட்டோடு ஐந்து நிமிடம் தனியாகக் கொடுத்தார்கள். சாம்பல் நிறக் கோட்டில் எவரெட் படுத்திருந்தார். ஈஸ்டருக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவரிடம் இருந்தது அந்த ஒரே கோட்டுதான். "அதைச் சலவைக்குப் போடவே விடமாட்டான், தூசி தட்டித்தான் கொடுத்தேன்," என்று வாசலில் லூயெட்டா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"எவரெட்," என்றார் ஹோலிஸ் மெதுவாக. "செவத்தி சௌக்கியமில்ல. ஒன்றரை வருஷமாவே இல்ல."

எவரெட்டின் உதட்டோரத்தில் எப்போதும் இருக்கும் சிரிப்பு இப்போதும் இருந்தது. அவர் முகம் அப்படி.

கொக்கியைக் குத்துவதற்காக ஹோலிஸ் கோட்டின் இடது மார்பு மடிப்பைத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றார்.

மடிப்பின் உட்புறத்தில் ஏற்கெனவே ஒரு பூச்சி குத்தியிருந்தது. கொக்கி துருப்பிடித்திருந்தது. பச்சையும் மஞ்சளும் மங்கியிருந்தன. நீண்டு நேராக இறங்கிய வால் முடியில் ஜன்னல் வெளிச்சம் ஊடுருவியபோது அது தேன் மாதிரி தெரிந்தது. அணிலுக்கும் நாய்க்கும் அப்படி வராது. ஒரு பெண்ணின் தலைமுடிதான் அப்படி வரும்.

ஹோலிஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருந்ததைக் கழற்றி வெளியே குத்தினார். தான் கட்டியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

லூயெட்டா வந்து, இரண்டு விரலால் அந்த வாலை மெல்ல நீவினார். "இதேதான்," என்றார். "ஒரு வாரம் பேசாம இருந்தேனே உன்கிட்ட. அந்த ஒரு வாரத்தைத் திருப்பிக் கொடேன், எவரெட்."

கோயிலில் பாதிரியார் ஜெபம் முடித்து அமர்ந்தார். லீலண்ட் உறையைப் பிரித்து அட்டையை நீட்டினார். ஹோலிஸ் வாசித்தார்.

"கொக்கி, இரண்டாம் நம்பர். நூல், மஞ்சள். உடல், மான் முடி. பச்சை, மஞ்சள், மறுபடி பச்சை. கால், வெள்ளை ரப்பர். வால், என் மனைவி லூயெட்டாவின் தலைமுடி, ஒரு கொத்து. ஒன்றே ஒன்றுதான் கட்டினேன். இன்னொரு கொத்து கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை."

சபையில் சிரிப்பும் விசும்பலும் சேர்ந்து எழுந்தன. அட்டையை மடித்துவிட்டு இறங்க வேண்டியதுதான் வழக்கம். ஒன்றே ஒன்று என்ற வார்த்தை ஹோலிஸை இறங்க விடவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றார். "மிஸ் லூயெட்டா, என்னை மன்னிக்கணும். எவரெட் செவத்தியை எனக்குக் கடன் கொடுத்தான். வேற யாருக்கும் கொடுக்கல, உனக்கு மட்டும்தான்னு சொல்லிக் கொடுத்தான்."

சங்கத்தார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். மரியாதை என்று ஹோலிஸ் எடுத்துக்கொண்டார்.

"அதை நான் டேட்டம் குளத்து சைப்ரஸ் மரத்துல விட்டுட்டேன். விட்டதை மறைச்சேன். நேத்து ஒரு போலி கட்டினேன். அதுக்குத்தான் அழகு நிலையத்துக்குப் போனேன். ஓப்பல், உன் நாயோட வால் முடியை வெட்டினவன் நான். அதை மறைக்கத்தான் அந்தப் புழுவை வாங்கினேன், லீலண்ட்." குரல் தழுதழுத்தது. "இன்னைக்குக் காலையில பாக்கிறேன், அந்த ஒரே செவத்தி இவன் கோட்டுக்குள்ள இருக்கு. புயல் வர்றதுக்குள்ள இவன் போய் அந்த மரத்துல ஏறியிருக்கான். எழுபது வயசுல, அந்த முழங்காலை வச்சுக்கிட்டு. எடுத்துட்டு வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் கூசிப் போயிடுவேனேன்னு ஒன்றரை வருஷம் சௌக்கியமா சௌக்கியமான்னு மட்டும் கேட்டிருக்கான். இப்படி ஒரு சிநேகிதன் உங்க யாருக்காவது உண்டா?"

முன்வரிசையில் லூயெட்டா கைக்குட்டையை இறக்கினார். "பல்பு மாத்த ஏணியில ஏறச் சொன்னாலே தலை சுத்துதும்பானே," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு முகம் மலர்ந்தது. "என் முடிக்காகவா ஏறினான்!"

அதற்கு மேல் கோயிலில் யாராலும் தாங்க முடியவில்லை. லீலண்ட் எழுந்து வந்து ஹோலிஸைக் கட்டிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை கமிட்டி ரத்து என்று காதில் சொன்னார். நடின் பக்கத்தில் இருந்தவளிடம் "அதுக்குத்தான் முடி கேட்டார்" என்று அடுத்த வரிசை வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அடக்கம் முடிந்து, நிலவறையில் வறுத்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் நடந்துகொண்டிருந்தன. ஹோலிஸ் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தார். வண்டி நிறுத்துமிடத்தில் ஓப்பல் தன் பழைய டிரக்கின் பின்கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சிம்சோன், இடைவெளி விழுந்த வாலை ஆட்டியது.

ஹோலிஸ் தொப்பியைக் கழற்றினார். "ஓப்பல், கோயில்ல சொன்னது போதாது. நேர்ல மன்னிப்புக் கேட்கணும்னு வந்தேன். இந்தா, இது உன் நாய்க்குச் சேர வேண்டியது." சட்டைப் பையிலிருந்து தான் கட்டிய செவத்தியை எடுத்து நீட்டினார்.

ஓப்பல் அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாலை முகர்ந்தாள். கோயில் பக்கம் ஒருமுறை பார்த்தாள். லூயெட்டா காதில் விழாத தூரம்தான் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"எவரெட் எந்த மரத்துலயும் ஏறல, மிஸ்டர் ஹோலிஸ், நீங்க மரத்துல விட்டதும் இதே சிம்சோன் வாலுதான், உங்க சங்கத்துல பத்துப் பேருக்கும் 'உனக்கு மட்டும்தான்'னு கொடுக்கறதுக்கு வருஷா வருஷம் அவர்தான் வந்து வெட்டிட்டுப் போவாரு."